ஒயர் தாங்குறது கரண்ட் இல்லீங்க, சூடு

போன வருஷம் சித்திரையில எங்க தோட்டத்து மோட்டார் ரூம்ல கேபிள் எரிஞ்சுபோச்சு. போருக்குள்ள இறங்குற கேபிள் புதுசு மாதிரியே இருந்தது. ஸ்டார்ட்டர் டப்பாவுக்குள்ள இருந்ததும் நல்லாத்தான் இருந்தது. எரிஞ்சது எது தெரியுங்களா? மிச்சமான கேபிளை வெட்ட மனசு வராம, வட்டமா சுத்தி, தகரக் கூரைக்குக் கீழ ஆணியில மாட்டி வச்சிருந்தேன். அந்தச் சுருள்தான் எரிஞ்சது. பத்துச் சுத்தும் ஒண்ணோட ஒண்ணு உருகி, புண்ணாக்குக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. ஒரு பேஸ் போனதுல மோட்டார் காயிலும் கருகிடுச்சு.

வாழை குலை தள்ளுற நேரம். காயில் கட்டி வர ஆறு நாள் ஆச்சு. ஆறு நாள் தண்ணி இல்லாம நின்ன வாழை என்ன எடை கொடுக்கும்னு விவசாயம் பண்றவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா அந்த நஷ்டத்தை விட எனக்கு உறுத்தினது வேற. நான் ஏமாத்து வேலை எதுவும் செய்யலை. கேபிள் வாங்கினப்ப அதோட அட்டையைப் பார்த்துத்தான் வாங்கினேன். 2.5 சதுர மில்லிமீட்டர், 18 ஆம்பியர் தாங்கும்னு போட்டிருந்தது. நம்ம மோட்டார் ஏழரை ஹெச்பி, 12 ஆம்பியர்தான் இழுக்கும். அப்புறம் எப்படி எரியும்?

ஒயர்மேன் தம்பிகிட்ட இதையே கேட்டேன். அவரு உருகின சுருளைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "ஏனுங்ண்ணா, 18னு போட்டிருக்கறது ஒயரு நிழல்ல, தனியா, காத்தாட நீட்டிக் கிடந்தாத்தானுங்க. நீங்க அதைச் சுருட்டி, தகரத்துக்குக் கீழ வெச்சு வேக வெச்சிருக்கீங்க" அப்படின்னார்.

அந்தப் பேச்சு மனசுல ஒட்டிக்கிச்சு. அப்ப அந்த 18 எங்க இருந்து வந்தது? யார் முடிவு பண்ணினாங்க? அன்னையில இருந்து கிடைச்சதை எல்லாம் தேடிப் படிச்சேன், தெரிஞ்சவங்ககிட்ட கேட்டேன். நான் படிச்சது பத்தாவது வரைக்கும்தான். ஆனா சூடுன்னா என்னன்னு விவசாயிக்குப் பாடம் எடுக்க வேண்டாமே. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இங்க எழுதுறேன். டவுன்ல இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிங்க. இது என் மோட்டார் ரூமோட நிக்கிற விஷயம் இல்லை.

முதல்ல ஒயர் ஏன் சூடாகுது? இதை ஒழுங்கா அளந்து சொன்னவர் இங்கிலாந்துல மான்செஸ்டர் பக்கத்து சால்ஃபோர்டுல பீர் காய்ச்சுற குடும்பத்துல பொறந்த ஜேம்ஸ் ஜூல். 1841ல அவர் வெளியிட்ட கணக்கு இன்னைக்கும் மாறலை. கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு ரெண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒம்போது மடங்கு. எங்க தோட்டத்துல முன்ன அஞ்சு ஹெச்பி மோட்டார், 8 ஆம்பியர் இழுத்தது. தண்ணி கீழ போகப் போக ஏழரை போட்டேன், 12 ஆம்பியர் ஆச்சு. கரண்ட் கூடினது ஒண்ணரை மடங்கு. ஒயர்ல சூடு கூடினது ரெண்டேகால் மடங்கு. கேபிளை மாத்தலை. என் கதையில முதல் தப்பு அதுதான்.

ஆனா செம்புக்கு இந்தச் சூடெல்லாம் ஒரு சூடே இல்லை. செம்பு உருக ஆயிரம் டிகிரிக்கு மேல வேணும். சூடு தாங்காதது செம்புக்கு மேல போட்டிருக்கிற சட்டைதான். ஒயரோட சரித்திரம்னு நான் படிச்சது எல்லாமே கடைசியில அந்தச் சட்டையோட சரித்திரமாத்தான் இருந்தது.

கரண்டு விளக்கு வர்றதுக்கு முன்னாடியே தந்தி வந்துடுச்சு. அந்தத் தந்திக் கம்பிக்கு முதல்ல நல்லாப் பொருந்தின சட்டை மலேயாக் காட்டு மரத்தோட பால். கட்டா பெர்ச்சான்னு பேரு. நம்ம ரப்பர் மரத்துப் பால் மாதிரிதான், ஆனா வேற ஜாதி. மலாய்க்காரங்க அதுல கத்திப் பிடி செய்வாங்க. சுடுதண்ணியில போட்டா களிமண் மாதிரி இளகும், ஆறினா இறுகும். 1843ல சிங்கப்பூர்ல இருந்த மான்ட்கோமரின்னு ஒரு டாக்டர் இதை லண்டனுக்குத் தெரியப்படுத்தினார். நாலு வருஷத்துல ஜெர்மனியில வெர்னர் சீமென்ஸ் இதைக் கம்பி மேல தையல் இல்லாம ஒரே சீரா ஏத்துற வழியைக் கண்டுபிடிச்சார். கடலுக்கு அடியில போன தந்திக் கேபிள் பெரும்பாலும் இந்தச் சட்டையோடதான் போச்சு. கடலடியில குளிர், அதனால அது பிழைச்சது. சுடுதண்ணியில இளகுற பொருளைச் சூடாகுற கரண்டு ஒயருக்கு எப்படிப் போடுறது?

அப்ப ரப்பர். பச்சை ரப்பர் வெயிலுக்கு ஒழுகும், குளிருக்கு வெடிக்கும். 1839ல அமெரிக்காவுல சார்லஸ் குட்இயர் அதோட கந்தகம் சேர்த்துச் சூடு பண்ணிப் பதப்படுத்தக் கத்துக்கிட்டார். அதுக்கப்புறம்தான் ரப்பர் ஒயருக்கு உதவுச்சு. அதுலயும் ஒரு சிக்கல். ரப்பர்ல இருக்கிற கந்தகம் செம்பை அரிக்கும். அதனால செம்புக் கம்பிக்கு ஈயம் பூசுற மாதிரி வெள்ளீயம் பூசி, அதுக்கு மேல ரப்பர் ஏத்தினாங்க. பழைய பங்களாக்கள்ல மரச்சட்டத்துக்குள்ள ஓடுற ஒயரைப் பிரிச்சா கம்பி வெள்ளையா இருக்கும், பார்த்திருப்பீங்க. சட்டையைத் தொட்டா பொடிப்பொடியா உதிரும். வருஷக்கணக்கா சூடு வாங்கி வாங்கி ரப்பர் காய்ஞ்சு போனதுதான் காரணம். இயற்கை ரப்பர் சட்டைக்கு எல்லைன்னு வச்சது சுமார் 60 டிகிரி.

1882ல எடிசன் நியூயார்க்ல பேர்ல் தெரு மின்நிலையத்தைத் தொடங்கினார். அதே வருஷம் லண்டன்ல தந்தி எஞ்சினியர்கள் சங்கம் கூடி, கரண்டு விளக்கால தீப்பிடிக்காம இருக்க என்ன செய்யணும்னு விதிகள் போட்டாங்க. ஒயரிங் விதிகளோட ஆரம்பம் அதுதான். அதுல சொன்னதை நம்ம பேச்சுல சொன்னா இப்படி: வழக்கமா ஓடுற கரண்டுக்கே ஒயர் கைக்குச் சூடாத் தெரிஞ்சா, அந்த வேலைக்கு அது பத்தாத ஒயர், பெருசா மாத்து. நூத்து நாப்பது வருஷத்துக்கு முன்னாடி முதல் விதியே சூட்டைப் பத்தித்தான் பேசியிருக்கு பாருங்க.

ஆனா வேலை செய்யறவனுக்குக் கையில ஒரு நம்பர் வேணுமே. அதனால ஒரு சுருக்கு வழி பரவுச்சு: ஒரு சதுர அங்குலச் செம்புக்கு 1000 ஆம்பியர். நம்ம அளவுல சதுர மில்லிமீட்டருக்கு ஒண்ணரை ஆம்பியர். மெல்லிசு ஒயர், தடிச்ச ஒயர் எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. இது தப்பு. ஏன் தப்புன்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ராகிக் களியைச் சின்னச் சின்ன உருண்டையா பிடிச்சு வச்சா சீக்கிரம் ஆறும். அதே களியைச் சட்டியிலேயே ஒரே கட்டியா விட்டா நடுவுல ஒரு மணி நேரம் கழிச்சும் சுடும். ஒயரும் அப்படித்தான். தடிமன் கூடக் கூட உள்ள பொருள் கூடுற அளவுக்கு மேல்தோல் கூடாது. சூடு வெளிய போறது தோல் வழியாத்தானே.

இதை உட்கார்ந்து அளந்தவர் ஆர்தர் கென்னலி. பொறந்தது நம்ம பம்பாய், கொலாபாவுல, 1861ல. பிற்பாடு எடிசனோட ஆய்வுக்கூடத்துல சேர்ந்து, மரச்சட்டத்துக்குள்ள இருக்கிற ஒயர், வெட்டவெளியில இருக்கிற ஒயர்னு தனித்தனியா கரண்ட் விட்டு, எவ்வளவு சூடேறுதுன்னு 1880களோட கடைசியில சோதிச்சார். கம்பியோட விட்டம் ரெண்டு மடங்கானா செம்பு நாலு மடங்கு ஆகும். ஆனா அதே சூட்டுல கரண்ட் தாங்குறது நாலு மடங்கு ஆகாது, மூணு மடங்கு கூட ஆகாது. அதே ஒயர் மரச்சட்டத்துக்குள்ள ஒரு அளவு தாங்கும், காத்துல இருந்தா அதை விட அதிகம் தாங்கும். ஒயரை மட்டும் பார்த்து ஆம்பியர் சொல்ல முடியாது, அது படுத்திருக்கிற இடத்தையும் பார்க்கணும். எங்க ஒயர்மேன் தம்பி சொன்னதும் இதேதான்.

சட்டைக் கதைக்குத் திரும்புவோம். 1890 வாக்குல லண்டன்ல செபாஸ்டியன் ஃபெராண்டி டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்துல இருந்து 10,000 வோல்ட் கரண்டை ஊருக்குள்ள கொண்டுவர வேண்டியிருந்தது. அவ்வளவு வோல்டேஜ் தாங்குற கேபிள் விலைக்குக் கிடைக்கலை. பழுப்புக் காகிதத்தை மெழுகுல முக்கிச் செம்புக் குழாய் மேல சுத்தித் தானே செஞ்சுக்கிட்டார். காகிதச் சட்டைன்னு சிரிக்க வேண்டாம், நாப்பது வருஷத்துக்கு மேல ஓடுச்சு.

வீட்டு ஒயருக்கு மாத்தம் வந்தது பிவிசியால. 1926ல அமெரிக்காவுல வால்டோ செமன், கட்டியா இருந்த பிவிசியை வளையுற மாதிரி இளக்கும் வழியைக் கண்டுபிடிச்சார். 1942ல மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு வந்துக்கிட்டிருந்த ரப்பர்ல பெரும்பகுதி நின்னுபோச்சு. ரப்பர் இல்லாம ஒயர் செஞ்சாகணும். அந்த நெருக்கடியிலதான் பிவிசி வேகமா வளர்ந்தது. நம்ம வீட்டுச் சுவருக்குள்ள இன்னைக்கு ஓடுறதுல பெரும்பாலானது அதுதான். அதோட எல்லை 70 டிகிரி.

அடுத்தது பாலித்தீன். 1933ல இங்கிலாந்துல தற்செயலாக் கிடைச்சது. நல்ல பொருள், ஆனா சூட்டுக்கு இளகிடும். 1963ல அமெரிக்க ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்காரங்க பாலித்தீனோட இழைகளை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக் கட்டுற மாதிரி பதப்படுத்தினாங்க. ரப்பருக்குக் கந்தகம் செஞ்ச வேலை மாதிரின்னு வச்சுக்கோங்க. அதுதான் எக்ஸ்எல்பிஇ. அதோட எல்லை 90 டிகிரி. இப்ப கடையில பெரிய கேபிள் கேட்டா இதைத்தான் எடுத்து நீட்டுறாங்க.

60, 70, 90ங்கிற நம்பரைத் தாண்டின உடனே கேபிள் தீப்பிடிச்சிடும்னு நினைக்காதீங்க. வருஷக்கணக்கா ஓடினாலும் சட்டை கெடாம இருக்கிற எல்லை அது. அதைத் தாண்டினா ஆயுசு குறையும். 1930ல மான்ட்சிங்கர்ங்கிற எஞ்சினியர் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ள இருக்கிற காகிதத்தைச் சோதிச்சுப் பார்த்து, ஒவ்வொரு 8 டிகிரி கூடும்போதும் ஆயுசு பாதியாகுதுன்னார். பொருளுக்குப் பொருள் கணக்கு மாறும், ஆனா போக்கு ஒண்ணுதான். எல்லையை 10, 15 டிகிரி தாண்டி ஓடுற ஒயர் அன்னைக்கு எரியாது. முப்பது வருஷம் உழைக்க வேண்டியது பத்து வருஷத்துக்குள்ள மொறுமொறுன்னு ஆகும். அப்புறம் ஒரு நாள், எந்தக் காரணமும் இல்லாத மாதிரி எரியும். நாம "ஷார்ட் சர்க்யூட்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவோம். என் சுருளும் ரெண்டு வருஷம் ஒழுங்காத்தான் ஓடுச்சு. ரெண்டு வருஷமா வெந்துக்கிட்டே இருந்திருக்கு.

மண்ணுக்குள்ள புதைச்ச கேபிளுக்குச் சூடு எப்படி வெளிய போகும்ங்கிற கணக்கை 1957ல நேஹர், மெக்ராத் ரெண்டு பேரும் முழுசா எழுதி வச்சாங்க. அதுல மண்ணோட குணமும் ஒரு கணக்கு. ஈர மண்ணு சூட்டை வாங்கிக் கடத்தும். காய்ஞ்ச மண்ணு கடத்தாது, கம்பளி போர்த்தின மாதிரி. கேபிள் சூட்டாலயே சுத்தி இருக்கிற மண்ணு காயும், காய்ஞ்சா இன்னும் சூடேறும், இன்னும் காயும்.

இது ஏட்டுக் கணக்கு இல்லைன்னு 1998ல நியூசிலாந்தோட பெரிய ஊரான ஆக்லாந்து கத்துக்கிச்சு. ஊரோட நடுப்பகுதிக்குக் கரண்ட் கொண்டுவந்த நாலு பெரிய 110 கிலோவோல்ட் கேபிள், ஜனவரி, பிப்ரவரியில ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போச்சு. அங்க அது கோடைகாலம், மழை இல்லாத கடுங்கோடை. ரெண்டு பழைய கேபிள் முதல்ல போனதும், மிச்சம் ரெண்டு மேல பாரம் ஏறுச்சு, அதுவும் போச்சு. சுமார் அஞ்சு வாரம் அந்த வியாபாரப் பகுதி ஜெனரேட்டரை வச்சுத் தடுமாறுச்சு. காய்ஞ்ச மண்ணுல அந்தக் கேபிள் உண்மையில தாங்கக்கூடியது, ஏட்டுல நம்பியிருந்ததை விடக் குறைவுன்னு பின்னால தெரிஞ்சது. எல்லாம் படிச்ச ஊரு. அங்கயும் என் மோட்டார் ரூம்ல நடந்தது நடந்திருக்கு.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். எங்க தாத்தா காலத்துல கிணத்துல கவலைதான். ரெண்டு மாடு பின்னால நடந்து முன்னால வந்து தண்ணி இறைக்கும். நீலகிரியில பைக்காரா நீர்மின் நிலையம் 1932ல ஓட ஆரம்பிச்சதும் கோயமுத்தூர்ப் பக்கம் மில்லுக்கும் கிணத்துக்கும் கரண்ட் வர வழி பிறந்தது. 1937ல கோயமுத்தூர்லயே மோட்டார் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க, ஜி.டி. நாயுடு, பாலசுந்தரம் நாயுடு காலம் அது. 1957ல மெட்ராஸ் மின்சார வாரியம் வந்துச்சு. 1984ல சிறு விவசாயிக்கும், 1990ல எல்லா விவசாயிக்கும் கரண்ட் இலவசமாச்சு. இன்னைக்குத் தமிழ்நாட்டுல விவசாய இணைப்பு 20 லட்சத்துக்கு மேல.

மாடு இறைச்ச காலத்துல ஒரு நல்லது இருந்தது. மாட்டுக்கு எவ்வளவு பாரம் தாங்கும்னு எல்லாருக்கும் தெரியும். நாக்குத் தள்ளினா நிறுத்திடுவோம். ஒயர் நாக்குத் தள்ளாது. தண்ணி 60 அடியில இருந்து 300 அடி, 600 அடின்னு கீழ போகப் போக மோட்டாரை மட்டும் பெருசாக்கிக்கிட்டே வந்தோம். கேபிளைக் கண்டுக்கலை. வோல்டேஜ் குறைஞ்சா மோட்டார் இன்னும் அதிகமா கரண்ட் இழுக்கும். அதுவும் கேபிள் தலையிலதான் விழும்.

நடுவுல அலுமினியக் கதை ஒண்ணு இருக்கு. நம்ம நாட்டுல செம்பு பத்தாது, இறக்குமதி பண்ணணும், அதுக்கு அன்னியச் செலாவணி இல்லை. அதனால 1960களுக்கு அப்புறம் வீட்டு ஒயரிங்குக்கே அலுமினியம் நிறைய வந்தது. அதே தடிமன்ல அலுமினியம் செம்பை விட ஒண்ணரை மடங்குக்கு மேல கரண்டைத் தடுக்கும், அந்த அளவுக்குச் சூடும் கூட. சூட்டுல விரியறதும் செம்பை விட அதிகம். சுவிட்ச் திருகாணிக்குக் கீழ அது விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி, பிடி தளர்ந்துடும். பிடி தளர்ந்த இடம் சூடேறும். பழைய வீடுகள்ல பிளக் பாயின்ட் ஓரத்துல பழுப்புக் கறை இருக்குமே, அது பெரும்பாலும் இந்த வேலைதான்.

இன்னொரு விஷயம். ஐரோப்பாக்காரங்க அட்டவணையில ஒயரைச் சுத்தி இருக்கிற காத்து 30 டிகிரின்னு வச்சுக் கணக்குப் போடுறாங்க. நம்ம இந்தியத் தரக் கணக்குல காத்து 40 டிகிரி. நம்ம வெயில் தெரிஞ்சவங்கதான் போட்டிருக்காங்க. பிவிசிக்கு எல்லை 70. காத்தே 40ல இருந்தா, ஒயர் தன் சொந்தச் சூட்டுல ஏற மிச்சம் 30 டிகிரிதான். காத்து 50ஆ இருந்தா மிச்சம் 20 டிகிரி. சூடு கரண்டோட வர்க்கத்துல ஏறுதுன்னு முன்ன சொன்னேனே, அந்தக் கணக்குப்படி 40ல 18 ஆம்பியர் தாங்குற ஒயர் 50ல 15க்குக் கொஞ்சம் கீழதான் தாங்கும்.

இப்ப என் சுருளுக்குக் கணக்குப் போடுவோம். அட்டையில 18. சித்திரை மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழ 50 டிகிரின்னு வச்சாலும் 15க்குக் கீழ வந்தாச்சு. அடுத்தது சுருள். பல கேபிள் ஒண்ணா நெருங்கிக் கட்டிக் கிடந்தா எவ்வளவு குறைக்கணும்னு அட்டவணை இருக்கு. ஒம்போது கேபிள் ஒரே கட்டுன்னா பாதியாக் குறைக்கச் சொல்லுது. என்னுது பத்துச் சுத்து. பதினஞ்சுல பாதி ஏழரைக்கும் கீழ. மோட்டார் இழுத்தது 12. ஏழு தாங்குறது தலையில பன்னெண்டை ஏத்திட்டு, அட்டையில 18னு போட்டிருக்கேன்னு நியாயம் பேசியிருக்கேன். தண்ணிக்குள்ள இருந்த கேபிள் ஏன் புதுசு மாதிரி இருந்ததுன்னும் அப்பத்தான் விளங்குச்சு. அதே கரண்ட்தான் அதுலயும் ஓடுச்சு. அதைச் சுத்திக் குளுந்த தண்ணி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

டவுன்ல இருக்கிற நண்பர்களுக்கு இனிமேத்தான் விஷயம். உங்க வீடு முப்பது, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி கட்டினதா இருந்தா, அதுல ஒயர் இழுத்தவர் ஃபேன், டியூப்லைட், ஒரு மிக்ஸி, இதை மனசுல வச்சுத்தான் இழுத்திருப்பார். இன்னைக்கு அதே ஒயர்ல ஏசி, கீசர், இண்டக்ஷன் அடுப்பு. இப்ப புதுசா கரண்டு ஸ்கூட்டர், கரண்டு கார். 2 கிலோவாட் கீசர் 9 ஆம்பியர் பக்கம் இழுக்கும், ஆனா கால் மணி நேரத்துல நின்னுடும். காரு சார்ஜர் ராத்திரி முழுக்க இழுக்கும். ஒயர் சூடேற நேரம் கிடைச்சாத்தான் அதோட முழுச்சூடு வெளிய தெரியும். பல வீட்ல குழாய் மொட்டைமாடி கான்கிரீட்டுக்குள்ளதான் போகுது. பகல் பூரா வெயில் வாங்கின கான்கிரீட் ராத்திரியிலயும் சுடும். நீங்க ஏசி போடுறது அந்த நேரத்துலதான்.

எம்சிபி அடிக்கடி விழுந்தா, 16ஐ எடுத்துட்டு 32 போட்டுக் கொடுப்பான்னு ஆள் கூப்பிடாதீங்க. எம்சிபி காவல் காக்குறது ஏசியை இல்லை, சுவருக்குள்ள இருக்கிற ஒயரை. நாய் குரைக்குதுன்னு நாயை அடிச்சு விரட்டின கதையா ஆகிடும்.

புதுசா வீடு கட்டுறவங்களுக்கு ரெண்டு விஷயம். எக்ஸ்எல்பிஇ கேபிள் 90 டிகிரி தாங்கும், அதனால மெல்லிசாவே வாங்கிக்கலாம்னு கடையில சொல்வாங்க. கேபிள் தாங்கும், வாஸ்தவம்தான். ஆனா அது போய்ச் சேர்ற சுவிட்ச், எம்சிபி எல்லாம் வழக்கமா 70 டிகிரி ஒயரை வச்சு வடிவமைச்சது. கேபிள் 90ல ஓடினா அந்தச் சூடு செம்பு வழியாவே திருகாணிக்குப் போகும். கேபிள் பிழைச்சுக்கும், சுவிட்ச் கருகும். அதனால வாங்குறது 90 டிகிரி கேபிளா இருந்தாலும், தடிமனை 70க்குக் கணக்குப் போட்டே எடுங்க. இன்னொண்ணு, செம்பு சூடானா கரண்டுக்குத் தடையும் கூடும். 20 டிகிரியில இருக்கிறதை விட 70ல சுமார் 20 சதவீதம் கூட, 90ல 27 சதவீதம் பக்கம் கூட. தூரமா இழுக்கிற ஒயர்ல அந்த அளவுக்கு வோல்டேஜ் குறையும், அந்த அளவுக்கு யூனிட்டும் சூடாவே வீணாப் போகும். மெல்லிசு ஒயர் வாங்கி மிச்சம் பண்ணின காசைக் கரண்டு பில்லுல கட்டுவீங்க.

இது எதையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். நல்ல ஒயர்மேன் ஒருத்தரைக் கூப்பிட்டு மூணு கேள்வி கேளுங்க. இந்த ஒயர் என்ன தடிமன்? எது வழியாப் போகுது, கூட எத்தனை ஒயர் போகுது? அந்த இடத்துல எவ்வளவு சூடு இருக்கும்? மூணுக்கும் பதில் இல்லாம ஆம்பியர் மட்டும் சொன்னா வேற ஆளைப் பாருங்க.

எங்க தோட்டத்துல இப்ப 6 சதுர மில்லிமீட்டர் கேபிள். சுருள் கிடையாது, மிச்சத்தை வெட்டியாச்சு. ஸ்டார்ட்டர் டப்பா தகரத்துல இருந்து தள்ளி, வடக்குச் சுவர்ல. ரூமுக்கு மேல தென்னங்கீத்து போட்டிருக்கேன். மோட்டார் ஒரு மணி நேரம் ஓடின பிறகு ஒயர்மேன் தம்பி மெயினை ஆஃப் பண்ணி, டெஸ்டர் வச்சுப் பார்த்துட்டு, கேபிள் மேல கை வச்சார். நானும் வச்சேன். குளுகுளுன்னு இல்லை, ஆனா சுடலை.

வெட்டி எடுத்த அந்தப் பழைய துண்டு இன்னும் மோட்டார் ரூம் மூலையில கிடக்கு. எதுக்குங்க இதுன்னு வீட்ல கேக்குறாங்க. கிடக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.